கூரை கடைசியில்தான்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் கார் வைத்திருந்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். ரெயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடல். காற்று உப்போடுதான் வரும். ஜன்னல் கம்பியைத் தின்னும், கேற் பிணைச்சலைத் தின்னும், கார் என்றால் முதலில் அடிவயிற்றைத் தின்னும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். கீழே பெருவிரலை வைத்து அழுத்தினால் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். 1986இலிருந்து கொட்டாஞ்சேனையில் டிங்கரிங் செய்கிறேன். அடியில் படுத்துப் பார்த்தால் போதும், இது கடற்கரைக் கார், இது நுகேகொடைப் பக்கத்துக் கார் என்று சொல்லிவிடுவேன்.

2020 கடைசியில் ஒரு நாள் போன் வந்தது. வயதான பெண் குரல்.

"தம்பி, கொட்டாஞ்சேனை கராஜோ? பாஸ் நிக்கிறாரோ?"

"பாஸ் மோசம் போய் எட்டு வருஷமாச்சு அன்ரி. நான் அவருக்கிட்ட வேலை பழகின ஆள்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப நீர்தான் அந்தச் சின்னப் பெடியன். தேத்தண்ணி வாங்கிக்கொண்டு ஓடித் திரியிற பெடியன்" என்றார். "எங்கட மொரிஸ் மைனர் இன்னும் இஞ்சதான் கிடக்கு. வளவை பிளாட் கட்டுற ஆக்களுக்குக் குடுக்கப்போறம். ஒருக்கா வந்து பாரும்."

அந்தக் காரை எனக்குத் தெரியும். 1955ஆம் ஆண்டு மைனர், சீரிஸ் டூ, இரண்டு கதவு சலூன். முன்கண்ணாடி நடுவில் சட்டம் வைத்து இரண்டாகப் பிரிந்த மாடல். நம்பர் பிளேட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்தின, இங்கிலீஷ் எழுத்து நம்பர். அன்ரியின் கணவருக்கு அந்த நம்பரில் ஒரு பெருமை. 1958இல் ஸ்ரீ எழுத்துக்குத் தார் பூசித் திரிந்த நாட்களில் தன் காருக்குத் தாரும் தேவைப்படவில்லை, அதைத் துடைக்க மண்ணெண்ணெயும் தேவைப்படவில்லை என்று கராஜில் உட்கார்ந்து சொல்வாராம்.

1983 ஜூலை இனக்கலவரத்தில் காலி வீதியில் கார்களை மறித்து எரித்தபோது இந்தக் கார் வெள்ளவத்தையில் இல்லை. எஞ்சின் இறக்கிய நிலையில் எங்கள் கராஜின் பின்சுவரோடு கிடந்தது. மே மாதமே முடித்துக் கொடுப்பதாகப் பாஸ் வாக்குக் கொடுத்த வேலை. பிந்தியதால் பிழைத்தது. அதற்குப் பிறகு எந்தக் காரைச் சொன்ன நாளில் கொடுக்காவிட்டாலும் பாஸ் இந்தக் கதையைத்தான் எடுத்து விடுவார்.

கணவர் காலமான பிறகு, போர்நிறுத்தம் இருந்த 2003இல், மகன் கனடாவிலிருந்து வந்தார். ஏ9 பாதை திறந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து எல்லாரும் ஊர் பார்க்க வந்த காலம். அப்பாவின் காரைப் புதுசாக்கிவிட்டுத்தான் போவேன் என்று ஒரு கராஜில் கொடுத்தார். எங்கள் கராஜ் இல்லை. எது என்பதும் இங்கே வேண்டாம். சீற் கழற்றி, எஞ்சின் கழற்றி, பெயின்டைச் சுரண்டி, இரண்டு பக்கத்துச் சில்லையும் வெட்டியெடுத்ததோடு அவருடைய லீவும் காசும் முடிந்தன. கார் லொறியில் ஏறி வீட்டுக்கு வந்தது. அதன் மேல் ஒரு படங்கைப் போட்டார்கள். 17 வருஷம்.

சில் என்பது தெரியாதவர்களுக்கு: கதவைத் திறந்து காலை உள்ளே வைக்கும்போது தாண்டுகிறோமே, அந்தப் படி. வெளியே பார்க்க ஒரு தகர விளிம்பு. உள்ளே அது மூடிய பெட்டி. முன் சக்கரத்துப் பக்கத்திலிருந்து பின் சக்கரத்துப் பக்கம் வரை ஓடும். மைனரில் உயிர் அங்கேதான் இருக்கிறது.

படங்கை இழுத்ததும் இரண்டு பூனைகள் பாய்ந்தன. மாமரக் கொப்பு ஒன்று எப்போதோ விழுந்து கூரையின் பின்பாதியைக் குழித்திருந்தது. குழியில் தண்ணீர் நின்று நின்று, தகரம் வலைபோல ஓட்டை. சரி, அது கண்ணுக்குத் தெரிந்த சேதம். நான் கதவருகில் குந்தினேன். கதவின் பூட்டுப் பக்கத்து இடைவெளியைப் பார்த்தேன். மேலே ஒரு நெருப்புக்குச்சி நுழையவில்லை. கீழே சுண்டுவிரல் தாராளமாகப் போனது. மற்றப் பக்கமும் அதே கதை.

கார் நடுவில் தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கயிற்றுக் கட்டிலில் ஆள் படுத்தால் இரண்டு தலைப்பும் உள்ளே சாயுமே, அப்படி. தரை தொய்ந்தால் கதவின் முன்தூணும் பின்தூணும் மேலே ஒன்றையொன்று நெருங்கும், கீழே விலகும். கதவு மட்டும் பழைய அளவில் இருக்கும், பாவம். அதனால் டிங்கர்காரனுக்குக் கதவு வெறும் கதவில்லை. அளவுகோல்.

2003இல் வேலை செய்தவர்கள் செய்த பிழை இரண்டு. காரை முன்நுனியிலும் பின்நுனியிலும் ஜக் வைத்து உயர்த்தியிருக்கிறார்கள். இரண்டு பக்கத்துச் சில்லையும் ஒரே நேரத்தில் வெட்டியிருக்கிறார்கள். நடுவில் தாங்க ஒன்றுமில்லை. அன்றைக்கு மிஞ்சியிருந்த ஒரே பலம் கூரைதான். அதையும் பிறகு மாமரம் முறித்தது.

பாஸ் எங்களுக்கு இதைச் சப்பாத்துப் பெட்டி வைத்துப் படிப்பித்தார். மூடியைப் போட்டு ஒட்டிய பெட்டியைக் கையில் தந்து முறுக்கச் சொல்வார். அசையாது. மூடியைக் கழற்றிவிட்டு முறுக்கச் சொல்வார். துணி பிழிவதுபோல் திரும்பும். "மைனருக்குச் சட்டம் கிடையாதுடா. பெட்டிதான் சட்டம்" என்பார். பழைய போர்ட் பிரிபெக்ட் போன்ற கார்களுக்கு அடியில் தனிச் சட்டம் உண்டு. உடம்பைத் தூக்கி வைத்துவிட்டு வெறும் சட்டத்தோடு சக்கரத்தை உருட்டலாம். அலெக் இசிகோனிஸ் வரைந்து 1948இல் வெளிவந்த மைனரில் உடம்பே எலும்பு. அவர் கடைசி நேரத்தில் மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக வெட்டி, 4 அங்குலம் அகலமாக்கிப் பார்த்து, அதுதான் சரி என்று முடிவெடுத்தவர். மைனரின் பொனெட் நடுவே ஒரு தட்டையான பட்டி ஓடுவது அதனால்தான். வெட்டித்தான் பிறந்த கார். ஆனால் எங்கே வெட்டலாம் என்று தெரிந்த ஆள் வெட்டினார்.

அன்று இரவு மகன் வட்ஸ்அப்பில் வந்தார். அங்கே பனி, கழுத்து வரை சட்டை.

"அண்ணை, கூரை போச்சுது எண்டு அம்மா சொல்றா. அப்ப கூரையே இல்லாமச் செய்தா என்ன? ஓப்பன் கார். செலவும் குறையும்தானே?"

"செய்யலாம் தம்பி. ஆனா செலவு குறையாது. கூரைய எடுக்கிறதுக்கான காசு கூரையில போறதில்ல, தரையிலதான் போகும்."

இதைச் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்ததை மறைக்கவில்லை. நல்ல கூரையுள்ள காரைக் கொண்டுவந்து 'ஓப்பனாக்கித் தாங்க' என்று கேட்பவர்களை நான் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவேன். கலியாண வாடகைக்கு விட ஆசைப்பட்டு, நல்ல சலூன்களைக் கெடுத்தவர்களைக் கண்டிருக்கிறேன். இந்தக் கூரையோ ஏற்கெனவே செத்தது. எடுப்பதில் பாவமில்லை.

தொழிற்சாலையே திறந்த மைனர் செய்திருக்கிறது, 1948இலிருந்து 1969 வரை. அதில் ஒன்றை எண்பதுகளின் கடைசியில் பாஸ் முழுதாகப் பிரித்தார். நான் அதன் அடியில் மல்லாந்து படுத்து, துருச் சுரண்டுகிற சாக்கில் எல்லாவற்றையும் பார்த்து வைத்திருந்தேன். சலூனில் இல்லாத தகடுகள் அதில் இருந்தன. சில்லுக்குள் கூடுதலாக ஒரு கனத்த தகடு. கதவுத் தூண் தரையில் சேரும் மூலைகளில் முக்கோணத் துண்டுகள். டாஷ்போர்டுக்கு அடியில் வலுவேற்றம். அவர்கள் கூரையைக் கழிக்கவில்லை. கூரையைக் கீழே இறக்கி வைத்திருந்தார்கள்.

இடையில் ஒன்று. கொழும்பில் எல்லாரும் இப்படிப்பட்ட காரை 'விண்டேஜ்' என்கிறார்கள். கணக்குப்படி 1930க்குப் பிந்தினது விண்டேஜ் இல்லை. ஆனால் 1955 காரைக் கொண்டுவரும் ஆளிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், முகம் சுருங்கிவிடும். நானும் விண்டேஜ் என்றே எழுதிப் பில் போடுகிறேன்.

இந்தக் கார்கள் இங்கே இத்தனை மிஞ்சியதற்குக் காரணம் அன்பு மட்டுமில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி இல்லாமல் கார் இறக்குமதி அடைபட்டது. 1977 வரை இருந்ததைத்தான் ஒட்டி, தட்டி, ஓட்ட வேண்டியிருந்தது. மஞ்சள் கூரை டக்சியாக எத்தனை மைனர் ஓடியது! எங்கள் பாஸ் தலைமுறை டிங்கர்மார் எல்லாம் அந்தப் பஞ்சத்தில் பழகியவர்கள். பிறகு இங்கிலாந்தில் பாத் நகரத்தில் மொரிஸ் மைனர் சென்டர் நடத்திய சார்ள்ஸ் வேர் என்பவர் மைனருக்குத் தகர உறுப்புகளை இலங்கையிலேயே செய்விக்கக் கூட்டு வைத்தார். நம் ஆட்கள் அடித்த தகடு அந்தக் காரின் தாய்நாட்டுக்குப் போனது. 2020 மார்ச்சில் மறுபடியும் வாகன இறக்குமதி நின்றது. பழைய வேலைக்கு ஆள் தேட ஆரம்பித்தார்கள். அன்ரியின் மகனுக்கும் அந்த நேரத்தில்தான் ஞாபகம் வந்திருக்கிறது, பரவாயில்லை.

வேலை தொடங்குமுன் பதிவுப் புத்தகத்தைக் கேட்டேன். அதில் உடல் வகை என்ற இடத்தில் சலூன் என்று இருக்கும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குச் சொல்லாமல் வெட்டினால் பிறகு றோட்டில் காருக்கு ஒரு கதை, புத்தகத்துக்கு ஒரு கதை ஆகிவிடும். முதலில் கடிதம், பிறகு ஹக்சோ. இது என் சட்டம்.

கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுவந்து, நாலு ஸ்டாண்டில் வைத்தேன். நுனிகளில் இல்லை; முன்னும் பின்னும் சக்கரப் பாரம் ஏறும் இடங்களுக்கு அடியில். மட்டம் பார்க்க லேசர் ஒன்றும் இல்லை. மேசன்மார் பிடிக்கிற தண்ணீர்க் குழாய்தான்: கண்ணாடிப் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு நுனியையும் இரண்டு பக்கத்தில் பிடித்தால் தண்ணீர் பொய் சொல்லாது. பிறகு தூக்குக்குண்டு கட்டி, காரின் எட்டு இடங்களைத் தரை சிமெந்தில் சோக்கால் குறித்து, மூலைக்கு மூலை நாடா பிடித்தேன். ஒரு மூலைவிட்டத்துக்கும் மற்றதற்கும் 11 மில்லிமீட்டர் வித்தியாசம். கார் தொய்ந்தது மட்டுமில்லை, கோணியும் போயிருந்தது.

அதை நேராக்கியதைப் பற்றி எழுதச் சுவாரசியமாக ஒன்றுமில்லை. நடுவில் பலகை கொடுத்து, பொட்டில் ஜக்கை ஒரு நாளைக்கு இரண்டு அடி, மூன்று அடி மட்டும் அழுத்தி, இரவு விட்டுவிட்டு, காலையில் அளப்பது. ஒன்பது நாள். வேலை பழகும் பெடியனுக்குப் பைத்தியம் பிடித்தது. "ஒரேயடியா ஏத்தினா என்ன அண்ணன்?" "ஒரேயடியா ஏத்தினா தகரம் கிழியும். கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினா தகரம் யோசிக்கும்."

5 மில்லிமீட்டர் பிளைவுட்டில் கோல் ஒன்று வெட்டி வைத்திருந்தேன். கதவைச் சுற்றி எங்கே விட்டாலும் அது இறுகாமலும் ஆடாமலும் போக வேண்டும். பத்தாம் நாள் போனது. உடனே ஒன்றரை அங்குலப் பொக்ஸ் பாரைக் கதவு வாய்க்குக் குறுக்கே, தூணுக்குத் தூண், பெருக்கல் குறிபோல் வெல்ட் வைத்தேன். இடத்தூணுக்கும் வலத்தூணுக்கும் இடையே ஒன்று. கார் இப்போது மாவுக்கட்டுப் போட்ட கால்.

பிறகுதான் என் பிழை. தரைத் தகடு இறக்கும்போது அந்தக் குறுக்குப் பார் கைக்கு இடைஞ்சலாக இருந்தது. வலப்பக்கத்தில் ஒன்றை மட்டும் வெட்டி எடுத்தேன், நாளைக்குக் காலையில் திரும்ப வைக்கலாம் என்று. தரையை வெல்ட் பண்ணிவிட்டு வீட்டுக்குப் போனேன். வெல்டிங் சூட்டில் விரிந்த தகடு இரவு முழுக்கக் குளிர்ந்து இழுத்திருக்கிறது. காலையில் பிளைவுட் கோல் நுழையவில்லை. 3 மில்லிமீட்டர் போச்சு. 34 வருஷ அனுபவம், ஒரு இரவுச் சோம்பேறித்தனம். பாஸ் இருந்திருந்தால் தேத்தண்ணிக் கிளாசை எறிந்திருப்பார். இரண்டு நாள் குந்தியிருந்து என் வெல்டை நானே ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்தேன். பெடியன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது கூடக் குத்தியது.

அதற்குப் பிறகு ஒரு அங்குலம் இந்த மூலையில், ஒரு அங்குலம் அந்த மூலையில் என்று மாறி மாறித்தான் பற்ற வைத்தேன். உள்சில்லுக்கு 2 மில்லிமீட்டர் தகடு, ஆமர் வீதியில் எடுத்தது, ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகே மறுபக்கம். சில்லுக்குள் இன்னொரு பெட்டி. தூண் மூலைகளில் முக்கோணம். டாஷ்போர்டுக்கு அடியில் ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று தூணுக்குத் தூண். பின்சீற்றுக்குப் பின்னால் இடுப்பு உயரத்தில் இன்னொன்று. முன்சீற்றுக்கு அடியில் குறுக்கே ஓடும் சட்டத்தை முற்றாகப் புதிதாக மடித்தேன். மைனரின் முன் சக்கரத்தைத் தாங்கும் நெடிய டோர்ஷன் பாரின் பின்நுனி அங்கே வந்துதான் பிடித்திருக்கிறது. அது துருவில் விட்டுவிட்டால் காரின் மூக்கு றோட்டில் இருக்கும். கண்ணாடிமாதிரிப் பெயின்ட் அடித்த எத்தனையோ கார்களில் அந்தச் சட்டத்தைக் கட்டலோய் பசை வைத்து மூடியிருப்பதைக் கண்டிருக்கிறேன். அதைச் செய்தவன் அந்தக் காரில் தன் பிள்ளையை ஏற்றமாட்டான்.

எஞ்சினைப் பற்றி அதிகம் இல்லை. பிறந்தது 803 சிசி எஞ்சினோடு. அது தொலைந்து போயிருந்தது. தேடவும் மனமில்லை, ஏற்றத்தில் மூச்சு வாங்குகிற சாமான். பஞ்சிகாவத்தையில் பிந்திய மைனரின் 1098 ஒன்று கிடைத்தது, கியர்பொக்ஸோடு. அதே குடும்பத்து எஞ்சின். இதை விற்ற முதலாளி, "எந்தக் காருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். "அந்த ஐயாட காரா? இன்னும் முடியல்லையா?" என்றார். மருதானைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில் இரகசியம் நிற்காது.

2022 வந்தது. அந்த வருஷத்தைப் பற்றி இந்த நாட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. டொலர் ஏறியது, தகட்டின் விலை கிழமைக்குக் கிழமை மாறியது. மகன் அனுப்பும் கனேடியக் காசு ரூபாயில் பெருக, சாமான் விலை அதைவிட வேகமாகப் பெருகியது. கரண்ட் கட். மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம். வெல்டிங் மெஷின் தூங்கியது. நாங்கள் பகல் வெளிச்சத்தில் கைவேலை பார்த்தோம்: மண் மூட்டையில் தகட்டை வைத்து மரச் சுத்தியலால் உருட்டுவது, டொலி பிடித்துத் தட்டுவது. பக்கத்து வீட்டு ஆட்களுக்கு விசிறியும் இல்லை, எங்கள் சுத்தியல் சத்தம் வேறு. ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. எல்லாரும் காஸ் வரிசையில் நின்றார்கள்.

அப்படிப்பட்ட ஒரு கரண்ட் இல்லாத பகலில்தான் கூரையை வெட்டினோம். கிரைண்டர் ஓடாது. காத்திருக்கலாம். ஆனால் கீழ்வேலை முடிந்து, கார் தன் சக்கரத்தில் நின்று, கதவு இரண்டும் பொருந்தி, கோல் சுற்றிவர ஓடிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. பெடியனிடம் ஹக்சோவை எடுக்கச் சொன்னேன்.

முன்கண்ணாடிக்கு மேலே இரண்டு அங்குலக் கூரையை விட்டு, அங்கிருந்து தொடங்கினோம். அந்த இரண்டு அங்குலத்தை மடித்துத்தான் பிறகு ஹூட் வந்து பூட்டும் சட்டம் செய்ய வேண்டும். கையால் அறுப்பதில் ஒரு நன்மை உண்டு, அதை அன்றைக்குத்தான் நானும் முழுசாக உணர்ந்தேன். உடம்பு எங்காவது இறுகிக்கொண்டோ தொங்கிக்கொண்டோ இருந்தால், அறுத்த வாய் மூடிவந்து பிளேடைக் கவ்வும். விறகு அறுத்தவர்களுக்குத் தெரியும். கிரைண்டர் அதைச் சொல்லாது, கடித்துக்கொண்டு போய்விடும். கையால் அறுத்தால் ஒவ்வொரு தூணிலும் கார் நம்மோடு கதைக்கும்.

கதவுக்குப் பின்தூண் இடது. பிளேடு ஓடியது. வலது. ஓடியது. அந்தத் தூண்களில்தான் சைகை காட்டும் 'கை' மடங்கி உட்காரும் பொந்து இருக்கிறது. தூணோடு அதுவும் போனது. கைகள் இரண்டையும் துடைத்து எடுத்து வைத்தேன். பின்கண்ணாடிப் பக்கத்துத் தடித்த தூண் இரண்டு. பழைய டிங்கர் யாரோ அங்கே ஈயம் உருக்கி ஊற்றி மட்டம் செய்திருந்தார். பாஸின் கையாக இருக்கும். ஈயத்தூள் நெஞ்சுக்குக் கூடாது என்று, லாம்பால் சூடுகாட்டி, துணியால் வழித்தெடுத்துவிட்டு அறுத்தோம்.

கடைசித் தூணில் கால் அங்குலம் இருக்கும்போது நிறுத்தினேன். பெடியன் ஏன் என்று பார்த்தான். சும்மா. வியர்வை. பிறகு மெதுவாக இழுத்தேன். பிளேடு கவ்வவில்லை. கூரை 'டொக்' என்று விட்டு, பெடியனின் தோளில் சாய்ந்தது. இரண்டு பேரும் அதைச் சுவரோடு வைத்துவிட்டு ஓடிவந்து, பிளைவுட் கோலை எடுத்தோம். வலது கதவு 5. இடது கதவு 5. கார் கூரையை இழந்தது தெரியாமலே நின்றது. அன்றைக்குப் பாஸ் இல்லாதது நெடுநேரம் மனதில் கிடந்தது.

பிளவுக்கண்ணாடி மாடலாக இருந்ததில் பெரிய இலாபம் ஒன்று. 1956இல் வந்த மைனர் 1000க்கு ஒரே வளைந்த கண்ணாடி. உடைந்தால் தேடி அலைய வேண்டும். இதற்கு இரண்டும் தட்டைக் கண்ணாடி. லமினேட்டட் தட்டில் கடதாசி அச்சு வைத்து வெட்டினால் முடிந்தது. பக்கத்துக் கண்ணாடிகளைத் தொழிற்சாலையின் திறந்த மைனரில் உள்ளதுபோல் விடுவதா, முழுசாக எடுப்பதா என்று மகனோடு ஒரு மாதம் தர்க்கம். அவர் வெறும் உடம்பாகக் கேட்டார். நான் ஐப்பசி மழையைக் காட்டினேன். நவம்பரில் ஒரு நாள் வீடியோ கோலில் ஜம்பட்டா வீதி வெள்ளத்தைக் கண்டபின் சம்மதித்தார்.

ஹூட் தைக்க யாரிடம் போவது? கார் ஹூட் தைக்கிற ஆள் இன்றைக்குக் கொழும்பில் எத்தனை பேர்? ஆனால் த்ரீவீலர் ஹூட் தைக்கிறவர்கள் சந்திக்குச் சந்தி இருக்கிறார்கள். அப்படி ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். மூன்று வளையம் நான் அடித்து வைத்திருந்தேன், கீல் போட்டு மடங்குகிற மாதிரி. காரைச் சுற்றி வந்து, "இது மூணு சக்கரத்துக்கு இன்னும் ஒரு சக்கரம், அவ்வளவுதானே" என்றார். தையல் என்றால் தையல். நூல் பிடித்த மாதிரி. ஆனால் அவர் போட்டது த்ரீவீலர் ரெக்சின். த்ரீவீலர் ஹூட் ஒரு நாளும் மடங்காது. இது மடங்க வேண்டும். நாலு முறை மடித்து விரித்ததும் மடிப்பில் வெள்ளைக் கோடு, ஒரு மாதத்தில் வெடிப்பு. அவருக்கே வெட்கம். இரண்டாவது தடவை லொறிப் படங்குத் துணியில், மெல்லிசான நல்ல ரகத்தில், காசு வாங்காமல் தைத்தார். 17 வருஷம் படங்குக்கு அடியில் கிடந்த கார், கடைசியில் படங்கையே தொப்பியாகப் போட்டுக்கொண்டது.

பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்ததும் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று ஆனது. பதிவு செய்யச் செசி நம்பர் வேண்டியிருந்தது. பெயின்டுக்கு அடியில் மூடிக் கிடந்த தகட்டைத் துணியில் தின்னர் நனைத்து எழுத்தெழுத்தாகத் துடைத்து வாசித்தோம். புத்தகத்தில் இருந்ததும் அதுவும் ஒன்று. பழைய வாகனக்காரர்களுக்கு அந்த ஒரு நிமிஷத்தின் நெஞ்சிடி தெரியும்.

அன்ரியை ஏற்றிக்கொண்டு முதல் ஓட்டம் ஒரு ஞாயிறு காலை. புனித லூசியாள் பேராலயத்தில் பூசை விட்டுச் சனம் இறங்கும் நேரம் கராஜிலிருந்து வெளியே எடுத்தேன். பிள்ளைகள் கை காட்டினார்கள். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி தாண்டும் வரை நான் கேட்டதெல்லாம் காரின் சத்தம். திறந்த காரில் முன்கண்ணாடிச் சட்டம் நடுங்குவது வழக்கம். பள்ளத்தில் விழுந்தால் கண்ணாடியும் ஸ்டீயரிங்கும் வேறு வேறு திசையில் ஆடும். இதில் லேசான நடுக்கம் இருந்தது. இல்லை என்று எழுத ஆசை, ஆனால் இருந்தது.

அன்ரி சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு கம்மென்று இருந்தார். கால்வாய்ப் பாலம் வரும்போது, "இவர் இதை எப்பவும் இருபத்தைஞ்சு மைலுக்கு மேல ஓட்டினதில்லை" என்றார்.

"நான் மெல்லப் போகவா அன்ரி?"

"இல்லை, நீர் ஓடும்."

இப்போது கார் பிளாட்டின் கீழ்த்தளத்தில் நிற்கிறது. கடல் அதே கடல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடியில் படுத்து மெழுகு அடிக்கிறேன். சைகைக் கைகள் இரண்டும் மேலே அன்ரியின் ஷோகேசில், கணவரின் படத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் அந்தப் பிளைவுட் கோலைக் கொண்டு போவேன். வலது கதவு இன்னும் 5. இடது கதவு பூட்டுக்கு மேலே போன தடவை கொஞ்சம் இறுகியது. அரை மில்லிமீட்டர் இருக்கலாம். பிணைச்சல் தேய்ந்ததா, இடப்பக்கத்துச் சில்லில் நான் எதையாவது விட்டேனா என்று பார்க்க, வாற சனிக்கிழமை ஸ்டாண்டில் ஏற்றுகிறேன்.